பயிலுநர் பிழையும் பொறியின் பிழையும்

கண்டி நகரைச் சூழ்ந்து கிடக்கும் மலைப்பாதைகளிலே மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகும் இளைஞன் ஒருவன், ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மீண்டும் புறப்பட முயலும்போது எஞ்சின் ஒருமுறைக்கு மும்முறை அணைந்து போகுமாயின், அருகில் நிற்கும் போதனாசிரியர், “கிளச்சை மெல்ல விடு, தம்பி” என்று உபதேசிப்பதே வழக்கம். பெரும்பாலும் அந்த உபதேசம் பொருத்தமானதே. ஆயினும், கிளச் கேபிளின் உள்ளிழைகளுட் சில அறுந்து உறையினுள்ளே முடங்கிச் சிக்குவதனால், பிடி எத்துணை மெதுவாக விடப்பட்டபோதிலும் கிளச் திடீரெனப் பற்றிக்கொள்ளும் நிலை ஏற்பட்டிருக்குமாயின், அந்த உபதேசம் நூறுமுறை கூறப்பட்டாலும் பயன் தராது. மாணவன் தன் கையையே சந்தேகிக்கத் தொடங்குவான்; ஆசிரியர் மாணவனின் திறமையைச் சந்தேகிக்கத் தொடங்குவார்; குற்றத்துக்குரிய கேபிளோ எவர் கண்ணிலும் படாமல், முற்றாக அறுந்துவிழும் நாளை நோக்கி இழையிழையாகத் தேய்ந்துகொண்டிருக்கும்.

வண்டியோட்டக் கற்பிப்போர் யந்திர சாஸ்திரத்தையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும் என்று கூறுங்கால், நடுவழியில் நின்றுவிட்ட வண்டியைத் தள்ளிச் செல்லும் சிரமத்திலிருந்து அது காக்கும் என்ற அளவிலேயே பலரும் அதன் பயனை மதிப்பிடுகின்றனர். அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. பயில்பவர் செய்யும் பிழையும் பொறியில் நேரும் பழுதும் பல சந்தர்ப்பங்களில் ஒரே லக்ஷணத்தோடு வெளிப்படுகின்றன. நியூட்ரல் கியரைக் காலால் தேடித் தேடிக் களைப்பவர் பழக்கம் போதாதவராகவும் இருக்கலாம். கிளச் முற்றாக விலகாமல் உராய்ந்து நிற்பதனால் கியர் இடங்கொடாத வண்டியில் அமர்ந்தவராகவும் இருக்கலாம். எட்டு வடிவத் தடத்தில் தள்ளாடுபவர் சமநிலை அறியாதவராகவும் இருக்கலாம்; முன்டயரில் காற்றுக் குறைந்த வண்டியோடு மல்லாடுபவராகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் வாய்க்காதவர், தாம் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராயினும், முழுமையான ஆசிரியராகமாட்டார். ஆகவே, பழுதறியும் கல்வி போதனாசிரியருக்கு ஓர் உபரி அலங்காரமன்று. கற்பித்தற் கலையின் ஓர் அங்கமே அது.

இவ்வுண்மையை உலகின் பல நாடுகள் தத்தம் வழியில் ஏற்றுக்கொண்டுள்ளன. இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், சாரதிப் பயிற்சிப் பாடசாலையிற் கற்பிப்போர் ஐந்தாண்டு ஓட்டுநர் அநுபவத்தோடு மோட்டார் யந்திரவியலிற் சான்றிதழும் பெற்றிருத்தல் வேண்டும் என விதிக்கின்றன. டயர் காற்றழுத்தமானியும் சாவித் தொகுதிகளும் பாடசாலையில் இருக்கவேண்டிய உபகரணங்களாக அவற்றிலே குறிக்கப்பட்டுள்ளன. பிரித்தானியாவில் 1990 ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் பயில்வோருக்குக் கட்டாயமாக்கப்பட்ட அடிப்படைப் பயிற்சியில், வீதிக்கு இறங்குமுன் வண்டியைப் பரிசோதிக்கும் முறையும் ஒரு பாடமாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டு தோன்றிய மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிறுவனம், சில்லும் டயரும், கட்டுப்பாட்டுக் கருவிகள், விளக்குகள், எண்ணெய், சட்டகம், நிறுத்துக்கால்கள் என்னும் ஆறு தலைப்புக்களாக அப்பரிசோதனையை வகுத்து வழங்கியுள்ளது. இலங்கையிலோ 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றளவும் திருத்தங்களுடன் அடிப்படையாக விளங்குகின்றது. போதனாசிரியர் தமக்கெனத் தனி அனுமதி பெற்றே கற்பிக்கவேண்டும். நாட்டிற் பதிவான வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களாக இருக்கையில், அவற்றைக் கற்பிப்போருக்குப் பொறியறிவும் ஊட்டும் கடமை சிறியதொன்றன்று.

கண்டிப் பிரதேசத்துக்கு இக்கடமை இருமடங்காகப் பொருந்தும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மகாவலி கங்கை வளைந்தோடும் குன்றுகளுக்கிடையே அமைந்த இந்நகரிலிருந்து எத்திசையிற் புறப்பட்டாலும் ஏற்றமோ இறக்கமோ எதிர்ப்படாமல் இராது. மேற்கே, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் முதலியோர் பாறை குடைந்து அமைத்த கடுகண்ணாவைக் கணவாய். தெற்கே கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவை நோக்கி உயரும் நெடும்பாதை. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில், பதினெட்டு வளைவுகளாகச் சுருண்டு மகியங்கனைச் சமவெளிக்கு இறங்கும் வீதி. ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர் மழை இரு பருவக்காற்றுக்களாலும் இடைப்பருவ இடிமழையாலும் பெய்கின்றது. இவற்றோடு, 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டமையால், 2025 இல் அது மீண்டும் அனுமதிக்கப்படும்வரை பழைய வண்டிகளே தொடர்ந்து ஓட்டப்படவேண்டியதாயிற்று. 1958 ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய ஹொண்டா சுப்பர் கப் வகையின் வழிவந்த சிறு வண்டிகள் முதல், காபரேற்றர் பொருத்திய இந்திய வண்டிகள் வரை, வயது முதிர்ந்த பொறிகள் இப்பாதைகளில் இன்றும் உழைக்கின்றன. செங்குத்தான நிலமும் ஓயாத ஈரமும் தேய்ந்த உறுப்புக்களும் ஒருங்கு கூடுமிடத்தில் சிறு பழுதுக்கும் பெருவிளைவு உண்டு.

பயிற்சிக்குப் பயன்படும் வண்டிக்கு மேலும் சில விசேஷத் துன்பங்கள் உள. அது ஓடிய தூரம் சொற்பம்; உழைத்த உழைப்போ அதிகம். நாள் முழுதும் முதலாவது கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்வதனால், எதிர்க்காற்றினாலேயே குளிரவேண்டிய எஞ்சின் போதிய காற்றுப் பெறாது சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெய் விரைவாகத் தன் குணம் கெடும். கிளச் பாதியளவு பற்றிய நிலையிலே நெடுநேரம் பிடிக்கப்படுவதனால் அதன் தட்டுக்கள் தேயும். எஞ்சின் அணைந்தணைந்து மீண்டும் மீண்டும் மின்பொத்தானால் முடுக்கப்படுவதனாலும், இடையில் வேகமாக ஓடி இழந்த மின்சக்தியை ஈட்டுவதற்கு அவகாசமின்மையாலும், பற்றறி வலுவிழக்கும். வண்டி பலமுறை சரிந்து விழுவதனால் பிறேக் பிடியும் கிளச் பிடியும் வளையும். ஹாண்டில் முன்சில்லின் திசையோடு ஒத்துநில்லாமல் சற்றே திருகிக்கொள்ளும். இவ்வாறு திருகிய ஹாண்டிலைப் பிடித்து ஓட்டும் மாணவி, நேராகச் செல்ல முயன்றும் ஒருபக்கமாகவே இழுபடுவாள். குறை கண்டவர் அவளுடைய பார்வையையும் தோளையும் திருத்த முற்படுவார். வண்டியின் முன்னே சென்று, சில்லை முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி, ஹாண்டில் அதற்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒருகணம் நோக்கியிருப்பாராயின் காரியம் எளிதில் முடிந்திருக்கும். ஆகவே, பயிற்சி வண்டியின் பராமரிப்பைக் கிலோமீற்றர் கணக்கால் அன்றி, அது உழைத்த மணிக்கணக்கால் நிர்ணயிப்பதே அறிவுடைமை.

பழுதறிதலின் அடிப்படை, மனப்பாடம் செய்த பட்டியலன்று. காரண காரியத் தொடர்பை வரிசையாக ஆராயும் பழக்கமே. ஜேர்மனியரான நிக்கொலஸ் ஓட்டோ 1876 ஆம் ஆண்டில் இயக்கிக்காட்டிய நான்கடிப்பு எஞ்சின், இன்று நம் வீதிகளில் ஓடும் சிறு வண்டிகளிலும் அதே தத்துவத்தின்படியே தொழிற்படுகின்றது. காற்றும் பெற்றோலும் தக்க விகிதத்திற் கலந்து உட்புகவேண்டும். அக்கலவை நன்கு நெருக்கப்படவேண்டும். உரிய கணத்தில் மின்பொறி தோன்றவேண்டும். இம்மூன்றும் அமைந்தால் எஞ்சின் இயங்கியே தீரும். இயங்காதாயின் இவற்றுள் ஒன்று தவறியிருத்தல் வேண்டும். இதனை உணர்ந்தவர், கண்டபடி ஆணிகளைத் திருகிப்பார்க்கும் அவசரத்துக்கு ஆளாகமாட்டார். முதலில் எளியவற்றைப் பார்ப்பார்: ஹாண்டிலிலுள்ள சிவப்பு நிறுத்தாளி தவறுதலாக அழுத்தப்பட்டுள்ளதா, பெற்றோல் குழாய் திறந்திருக்கிறதா, தாங்கியில் எரிபொருள் உண்டா, அதன் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டு உள்ளே வெற்றிட இழுப்பை உண்டாக்கியுள்ளதா என்பன அவை. இவற்றைச் சோதிக்க ஒரு நிமிடமே போதும். நின்றுபோன வண்டிகளுட் பல உண்மையிற் பழுதடைந்தவையல்ல என்பதை அந்த ஒரு நிமிடம் காட்டிவிடும்.

அதன் பின்னரே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுதல் தகும். விரல்நுனியளவினதாகிய இவ்வுறுப்பு எஞ்சினின் உட்புறத்திலிருந்து வரும் சாட்சியாகும். அதன் முனை இளங் கபில நிறமாயிருப்பின் எரிதல் செம்மையாக நிகழ்கிறது என்று கொள்ளலாம். உலர்ந்த கரி படிந்து கறுத்திருப்பின் பெற்றோல் மிகுந்தது அல்லது காற்று வடிகட்டி அடைபட்டது என்பது பொருள்; வெளிறி வெண்மையுற்றிருப்பின் பெற்றோல் குறைந்து உஷ்ணம் மிகுந்துள்ளது; எண்ணெய்ப் பசையோடு நனைந்திருப்பின் பிஸ்டன் வளையங்களிலோ வால்வுப் பகுதியிலோ தேய்வு தொடங்கியுள்ளது. இரு முனைகளுக்குமிடையே பெரும்பாலான வண்டிகளில் 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையிலான இடைவெளியே இருத்தல் வேண்டும். அச்சிறு வெளியைத் தாண்டுவதற்கு மின்சாரம் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தம் பெறவேண்டியிருப்பதனால், இடைவெளி தேய்ந்து அகலும்போதும் உறையில் ஈரம் கசியும்போதும் பொறி பலவீனமடைகின்றது. மழை நாளிற் காலையில் மட்டும் வண்டி மறுப்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

நிறத்தை வாசிக்கையில் நிலத்தின் உயரத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பது மலைநாட்டாருக்குரிய சிறப்புப் பாடம். வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் இருப்பதைக் காட்டிலும் கண்டியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று ஐதாகும்போது ஒவ்வோர் அடிப்பிலும் உட்புகும் ஒட்சிசன் குறைகின்றது. ஆனால் காபரேற்றரின் துளைகளோ அந்த அளவுக்குப் பெற்றோலைக் குறைத்துக்கொள்ள அறியா. ஆகவே தாழ்நிலத்திற் செம்மைப்படுத்தப்பட்ட வண்டி, றம்பொடையைத் தாண்டியதும் மந்தமாகி, கரும்புகை உமிழ்ந்து, பிளக்கிற் கரி பூசிக்கொள்ளும். அதனைப் பழுதென்று கருதிக் காபரேற்றரின் திருகாணிகளை மலையுச்சியில் மாற்றியமைப்பவர், வண்டி மீண்டும் கீழிறங்கும்போது பெற்றோல் குறைந்து சூடேறும் வேறொரு கேட்டைத் தாமே உண்டாக்கிவிடுவார். மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் புதிய வண்டிகளில், காற்றின் அழுத்தத்தை அளந்தறியும் உணரி இத்திருத்தத்தைத் தானே செய்கின்றது. எது பழுது, எது சூழ்நிலையின் இயல்பான விளைவு என்று பகுத்துணர்வதும் பழுதறியும் கல்வியின் பாற்பட்டதே.

இனிக் கிளச்சை நோக்குவோம். சாதாரண கியர் வண்டிகளிற் கிளச் தட்டுக்கள் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. எஞ்சின், கியர்ப்பெட்டி, கிளச் ஆகிய மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரு லீற்றர் எண்ணெயே பொதுச் சொத்து. மோட்டார் காருக்கென உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட எண்ணெயை இதில் வார்ப்பது, கிளச் வழுக்குவதற்கு நாமே வழிசெய்வதாக முடியும். ஈரக் கிளச்சுக்கு ஏற்ற எண்ணெய்க் கலங்களில் ஜாசோ எம்.ஏ. என்ற தரக்குறி காணப்படும். வழுக்கலின் லக்ஷணம் ஏற்றத்திலே தெளிவாக விளங்கும்: அக்சிலேற்றரைத் திருகியவுடன் எஞ்சினின் ஓசை உயரும், வண்டியின் வேகமோ உயராது. தட்டுக்கள் தேய்ந்தன என்று முடிவுகட்டுமுன், பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்கிறதா என்று பார்த்தல் அவசியம். தளர்வே இல்லாதவிடத்துக் கேபிள் ஓயாது இழுபட்டுத் தட்டுக்களை முற்றாகப் பொருந்தவிடாது. தளர்வு மிகுந்தவிடத்துத் தட்டுக்கள் முற்றாகப் பிரியாமல், கியர் முரண்டுபிடித்து, நியூட்ரல் அகப்படாது. இரண்டுக்கும் மருந்து ஒரே திருகாணிதான். சாவி கொண்டு சில நிமிடங்களிற் செய்யக்கூடியது.

மலையிறங்கும் வண்டிக்குப் பிறேக்கே உயிர். வண்டியும் இருவரும் சேர்ந்து 220 கிலோகிராம் எனக் கொள்வோம். அவர்கள் 100 மீற்றர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 216,000 யூல் சக்தி வெளிப்படுகின்றது. ஏறத்தாழ முக்கால் லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கு அது போதும். வேகம் கூடாமல் இறங்கவேண்டுமாயின், காற்றுத்தடையும் எஞ்சினும் ஏற்றுக்கொண்டது போக எஞ்சிய சக்தி முழுவதும் உள்ளங்கையளவினவாகிய பிறேக் உறுப்புக்களிலே உஷ்ணமாக மாறவேண்டும். பதினெட்டு வளைவிலோ கடுகண்ணாவையிலோ பிறேக்கை ஓயாது அழுத்தியபடி இறங்குபவரின் வண்டியில், லைனிங்கின் உராய்வுத்திறன் சூட்டினாற் குன்றுகின்றது. உருளைப் பிறேக்காயின் உருளையும் விரிந்து லைனிங்கிலிருந்து விலகுகின்றது. சிறிய கியரில் இறங்கி எஞ்சினையே தடையாகப் பயன்படுத்து என்று மாணவருக்குக் கூறும் விதியின் பௌதிகக் காரணம் இதுவே. காரணத்தோடு கற்பிக்கப்பட்ட விதி, ஆசிரியர் அருகில் இல்லாத நாளிலும் நினைவில் நிற்கும்.

வட்டத்தட்டுப் பிறேக்குள்ள வண்டிகளில் மற்றோர் அபாயம் மறைந்திருக்கின்றது. பிடியின் அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் திரவம், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 எனப்படும் வகைக்குப் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை வேண்டுமென்பது நியமம். ஈரம் ஏறியபின் அதே திரவத்துக்கு 155 பாகையே குறைந்தபட்ச எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. நீண்ட இறக்கத்திற் சூடேறிய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்குமாயின், திரவம் நசுங்காது, ஆவியோ நசுங்கும் என்ற நியதியினால், பிடி ஹாண்டில்வரை அமிழ்ந்தும் வண்டி நில்லாது. மழையும் பனியும் மிகுந்த இப்பிரதேசத்தில் ஈராண்டுக்கு ஒருமுறையேனும் அத்திரவத்தை மாற்றுவித்தல் நன்று. பிடியை அழுத்தும்போது பஞ்சுபோன்ற மென்மை தென்படுகிறதா, கிண்ணத்தில் திரவத்தின் மட்டம் தாழ்ந்துள்ளதா, நிறம் கறுத்துள்ளதா என்று நாள்தோறும் நோக்குதல் போதனாசிரியரின் கடமை. உருளைப் பிறேக்கிலே தேய்வைக் காட்டும் அம்புக்குறி பிறேக் கரத்தின் அருகே உண்டு. அது எல்லைக்கோட்டை எட்டியபின் திருகாணியை இறுக்கி இறுக்கிப் பயன் காண முயல்வது தற்காலிக ஏமாற்றமேயன்றிப் பரிகாரமன்று.

டயரின் வரலாற்றிலே கண்டிக்கும் ஒரு பங்குண்டு. ஓட்டோவின் எஞ்சின் தோன்றிய அதே 1876 ஆம் ஆண்டில், பிரேசிலிலிருந்து கொணரப்பட்ட விதைகளை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, அந்த இறப்பர் நாற்றுக்களை இலங்கைக்கு அனுப்பினர். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பிலிருந்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. 1888 இல் டன்லப் காற்றடைத்த டயரை அமைத்தபின், அந்நாற்றுக்களின் சந்ததி உலகெங்கும் சில்லுக்களைச் சூழ்ந்து ஓடலாயிற்று. ஈரவீதியில் வண்டியைக் காப்பது டயரின் பள்ளங்களே. அவை தண்ணீரை வெளியேற்றி இறப்பரைத் தாரோடு சேரவிடுகின்றன. பள்ளத்தின் அடியிலுள்ள தேய்வுக்குறி மேற்பரப்போடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. காற்றழுத்தத்தைக் காலையில், டயர் சூடாகுமுன் அளத்தல் வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றுக்கு முன்சில்லில் 25 இறாத்தலும் பின்சில்லில் 28 இறாத்தலும், இருவர் ஏறும்போது பின்சில்லில் சற்று அதிகமும் கூறப்படுமாயினும், அந்தந்த வண்டியின் கைந்நூல் கூறும் அளவே பிரமாணம். கம்பிச் சில்லாயின் ஒவ்வொரு கம்பியையும் சிறு சாவியால் தட்டிச் செவிமடுத்தல் வேண்டும்: இறுகிய கம்பி கணீரென ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

செயினைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹான்ஸ் ரெனோல்ட் 1880 இல் அமைத்த உருளைச் செயினின் வடிவமே இன்றும் வழக்கில் உள்ளது. அதன் கீழ்ப்பகுதியின் நடுவில் பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை ஊசலாட்டம் இருத்தல் வேண்டும். ஒரே இடத்தில் அளந்து அமையாமல், சில்லைச் சுழற்றி, செயின் மிக இறுகியிருக்கும் இடத்திலே அளப்பது முறை. தளர்ந்த செயின், அக்சிலேற்றரைத் திருகுந்தோறும் வண்டியை உந்தியுலுக்கும். அதைக் கண்டவர் மாணவனின் கை முரடானது என்பர். இறுகிய செயினோ ஓசையின்றிப் பெயரிங்குகளை அரித்துத் தின்னும். அக்சிலேற்றர் கேபிளுக்கும் ஒரு சோதனை உண்டு: எஞ்சின் மெல்ல இயங்க, ஹாண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குத் திருப்பவேண்டும். அப்போது எஞ்சினின் ஓசை தானாக உயருமாயின், அவ்வண்டியில் மாணவரை ஏற்றுதலாகாது.

காண்பது அனைத்தையும் கையாற் செய்துபார்க்கத் துணிவதும் அறிவீனமே. சீர்செய்வனவற்றின் எல்லையைப் பயிற்சியிலேயே வகுத்துவிடல் நலம். கேபிள் தளர்வைச் சரிசெய்தல், செயினை அமைத்தல், எண்ணெய் வார்த்தல், பிளக் மாற்றுதல், காற்று வடிகட்டியைச் சுத்தஞ்செய்தல், பியூஸ், மின்குமிழ் ஆகியவற்றை மாற்றுதல், காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் தங்கிய நீரை வடித்தல் என்பன போதனாசிரியரின் எல்லைக்குட்பட்டவை. பெற்றோலினும் நீர் அடர்த்தி மிகுந்ததாகையால் கிண்ணத்தின் அடியில் தங்கும்; வடிதிருகைச் சற்றே தளர்த்தினால் அது முதலில் வெளிவரும். பிறேக் திரவப் பாதை, ஹாண்டில் கழுத்துப் பெயரிங், சில்லுப் பெயரிங், வால்வு இடைவெளி, எஞ்சினின் உட்புறம் என்பன கராஜிலுள்ள தேர்ந்த மெக்கானிக்கின் கைக்குரியவை. இவற்றில் ஆசிரியரின் கடமை, குறையை ஐயமின்றிக் கண்டறிந்து, தெளிவாக எடுத்துரைத்து, வண்டியை அன்றே பயிற்சியிலிருந்து விலக்குவது. “ஏதோ சத்தம் வருகிறது” என்று கூறுவதைவிட, “இரண்டாவது கியரில் இறக்கத்தில் மட்டும், பின்சில்லுப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது” என்று கூறுபவர் மெக்கானிக்கின் பாதி வேலையைத் தாமே முடித்துக்கொடுக்கிறார்.

இத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் வழி கடினமானதன்று. நல்ல நிலையிலுள்ள வண்டியொன்றை முதலிற் பலமுறை ஓட்டவும் தொடவும் கேட்கவும் செய்து, இயல்பு எது என்பதை அவர்கள் உடம்பிற் பதியவைத்தல் வேண்டும். இயல்பை அறியாதவர் விகாரத்தை அறியார். பின்னர், பயிற்றுவிப்பவர் மறைவாக ஒரு சிறு குறையை வண்டியில் அமைக்க, பயில்வோர் அதனை ஓட்டிப்பார்த்து, லக்ஷணத்தைக் கூறி, சாத்தியமான காரணங்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கவேண்டும். பிளக் உறையைத் தளர்த்தலாம். கிளச் தளர்வை முற்றாக நீக்கலாம். முன்டயரின் காற்றைக் குறைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே என்ற விதியை இங்கே கண்டிப்பாக வற்புறுத்தல் வேண்டும். இரண்டை மாற்றியபின் வண்டி சீரானால், எது காரணம் என்று எவருக்கும் தெரியாது. முடிவில் மற்றொரு பயிற்சியும் தேவை: குறை வண்டியில் இல்லாமல் ஓட்டுபவரிடம் இருக்கும் நிலையையும் இடையிடையே கலந்து வைத்து, இரண்டையும் பிரித்தறியச் செய்தல். அதற்கு எளிய பரீக்ஷை, ஆசிரியர் தாமே அவ்வண்டியிலேறி அதே ஏற்றத்தில் ஒருமுறை புறப்பட்டுப் பார்ப்பதேயாகும்.

இதற்கு வேண்டிய நிலையங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. கண்டியிலே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. 1950 இல் கொழும்பிற் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு வந்த பொறியியற் பீடம் அருகிலேயே விளங்குகின்றது. ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்ட தேசிய தொழிற் தகைமை முறை, பாடசாலைப் படிப்பு முற்றுப்பெறாத தொழிலாளரின் கைத்திறனுக்கும் சான்று வழங்க இடந்தருகின்றது. பயிற்சிப் பாடசாலைகளை நடத்துவோரும், தொழில்நுட்ப ஆசிரியர்களும், கராஜ்களில் நெடுங்காலம் உழைத்த மெக்கானிக்குகளும் ஒன்றுகூடினால், வார இறுதிநாட்களில் நடைபெறும் ஒரு குறுகியகாலப் பாடத்தை அமைப்பது எவ்வாற்றானும் இயலும். அது தமிழிலும் சிங்களத்திலும் சமமாக நடத்தப்படல் வேண்டும். தோட்டப்புறங்களிலிருந்து கண்டிக்கும் கம்பளைக்கும் வந்து வண்டியோட்டப் பயிலும் நம் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு, தாய்மொழியிற் கிடைக்கும் பொறியறிவே கைக்கு வரும்.

போதனாசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. நாளைக் காலை, முதலாவது மாணவர் வந்து சேருமுன், டயர், பிறேக், கிளச், செயின், எண்ணெய், விளக்கு என்னும் ஆறையும் உங்கள் கண்ணாலும் கையாலும் பரிசோதித்து, திகதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மறுநாள் அந்தப் பரிசோதனையை மாணவரைக் கொண்டே செய்வியுங்கள். வண்டியோட்டும் கல்வி அங்கிருந்தே தொடங்கட்டும்.